செத்த காலேஜும் உயிருள்ள மக்களும்

     

இந்த ஊர் எல்லைக்குள்ளே கார் நுழைஞ்சதுமே ஏலக்காய் வாசம் வந்திருச்சுங்க. நான் தமிழ் வாத்தியார். வாசம் வந்தா வாசத்தோட விடமாட்டேன், சொல்லைப் பிடிச்சுக்குவேன். ஏலம் என்றால் மணப்பொருள். ஏலம் என்றால் கூவி விற்பது. முதல் ஏலம் நம்ம மலையிலே விளைந்த சொல். இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியர் கப்பலிலே வந்து இறங்கிய சொல். அவங்க ஏலத்துக்குச் சொல்ற வார்த்தை நம்ம வாயிலே நுழைஞ்சு, தேய்ஞ்சு, ஏலம் என்று ஆகிப்போச்சு. ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர் இந்தப் போடிநாயக்கனூர்! (கைதட்டல்)

இங்கே ஏலக்காய்க்கு விலை சொல்லத் தெரியாத பிள்ளை கிடையாது. எட்டு மில்லிமீட்டர் காய் என்ன விலை, சின்னக் காய் என்ன விலை என்று மூணாம் வகுப்புப் பையன் சொல்லுவான். சரி, அந்தப் பையனிடம் இன்னொரு கேள்வி கேளுங்க. "தம்பி, தோட்டம் என்று ஒன்று வருவதற்கு முன்னாடி, காட்டிலே தானா விளைஞ்ச ஏலக்காயைப் பறிச்சுக் கொண்டுவந்தது யாரு?" பையன் மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான், அவங்க அப்பாவைப் பார்ப்பான். அவங்க அப்பா என்னைப் பார்ப்பார். (சிரிப்பு)

மலைமக்கள் அய்யா! திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன்னுடைய தனியுரிமைச் சரக்காக வைத்திருந்த காலத்திலே, காட்டைத் தெரிந்து, காயைத் தெரிந்து பறித்துக் கொடுத்தவர்கள் மலையிலே வாழ்ந்த பழங்குடி மக்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். குரங்கணி, கொட்டகுடிக்கு மேலே முதுவர்கள். வருசநாட்டு மலை, பழனிமலைச் சரிவு எங்கும் பளியர்கள். எல்லையைத் தாண்டினால் இடுக்கியிலே மன்னான்கள், ஊராளிகள். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்திலே இருக்கிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளை ஒன்றுக்காவது இந்த நாலு பேரும் தெரியுமா? அமேசான் காட்டு மக்களைத் தெரியும். டி.வி.யிலே காட்டுறாங்க.

இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். மலைமக்கள் வாழ்வைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உகந்தது பாடப்புத்தகமா, காட்சிசாலையா? நான் காட்சிசாலைக் கட்சி.

எதிரணியிலே பேசின தம்பி ஒரு போடு போட்டார். "சென்னையிலே அந்தக் காலத்து ஜனங்க மியூசியத்துக்கு என்ன பேரு வச்சாங்க தெரியுமா? செத்த காலேஜ்! மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ்! உயிரோடு இருக்கிற மக்களை ஏன் அய்யா செத்த காலேஜிலே தேடுறீங்க?" என்று கேட்டார். அரங்கமே ஆடிப்போச்சு. நானும் கைதட்டினேன். நல்ல கேள்விக்குக் கைதட்டத்தானே வேணும்? அதுக்குப் பதில் இருக்கு, வரேன்.

முதலிலே புத்தகத்தைப் பார்ப்போம். நான் முப்பது வருஷமாகப் புத்தகம் நடத்திப் பிழைக்கிறவன். புத்தகத்தைக் குறை சொன்னா எனக்குச் சோறு செரிக்காது. ஆனாலும் கேட்கிறேன். புத்தகத்திலே பழங்குடி மக்கள் எப்படி வர்றாங்க? ஒரு கட்டம் போட்டிருக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொழில். பொருத்துக! பளியர், தேன் எடுத்தல். தோடர், எருமை வளர்த்தல். இரண்டு மதிப்பெண். ஒரு சமுதாயத்தின் ஆயிரம் வருஷத்து வாழ்க்கை, ஒரு கோடு போட்டா முடிஞ்சுபோச்சு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுத் தேன் மட்டும் இனிக்குமா?

இப்போ அதே பிள்ளை கையிலே ஒரு குச்சியைக் கொடுங்க. முனை கூராக்கின கம்பு. வள்ளிக்கிழங்கு தோண்டுகிற கம்பு. "இது எதுக்குன்னு சொல்லு" என்று மட்டும் கேளுங்க. ஏழு வயசுப் பிள்ளை என்ன பண்ணும்? மோந்து பார்க்கும். தூக்கிப் பார்க்கும். "ஈட்டியா? சண்டைக்கா?" என்று கேட்கும். இல்லை கண்ணு. "மாடு ஓட்டவா?" இல்லை. அப்புறம் முனையிலே தேய்ஞ்சிருக்கிறதைப் பார்க்கும். "மண்ணு நோண்டினதா?" ஆமா! எதுக்கு நோண்டணும்? எவ்வளவு ஆழம்? கிழங்கு எங்கே இருக்குன்னு மேலே இருந்து எப்படித் தெரியும்? கொடியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். கொடி காய்ஞ்சு போனா? அப்பவும் தெரியணும். எல்லாத்தையும் தோண்டிட்டா அடுத்த வருஷம் என்ன சாப்பிடுறது? அய்யா, பத்து நிமிஷத்திலே அந்தப் பிள்ளை தாவரவியல் படிச்சிருச்சு, மண்ணியல் படிச்சிருச்சு, பொருளாதாரம் படிச்சிருச்சு. அதைவிட முக்கியமா ஒண்ணு படிச்சிருச்சு. இந்தக் கம்பைப் பிடிச்ச ஆள் தன்னைவிட நிறையத் தெரிஞ்ச ஆள் என்று படிச்சிருச்சு. (கைதட்டல்) எந்தப் 'பொருத்துக' இதைச் சொல்லித் தரும்?

இது தெரியாததால் என்ன நடக்குது பாருங்க. ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். மாறுவேடப் போட்டி. ஒரு குழந்தைக்கு மூஞ்சி முழுக்கக் கரியைப் பூசி, இடுப்பிலே இலையைக் கட்டி, கையிலே ஈட்டி கொடுத்து, "ஊ, ஊ" என்று கத்தவிட்டு மேடையிலே ஓடவிட்டாங்க. ஒலிபெருக்கியிலே, "இதோ வருகிறார் நமது ஆதிவாசி!" முதல் பரிசு! அந்தக் குழந்தை மேலே தப்பில்லை. அந்தத் தாய் மேலேகூடத் தப்பில்லை, ராத்திரி முழுக்கக் கண்முழிச்சு இலை தச்சிருப்பாங்க. ஆனா நான் யோசிச்சேன். இந்தச் சபையிலே நாலாவது வரிசையிலே ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை உட்கார்ந்திருந்தா, அது அன்றைக்கு ராத்திரி அம்மாகிட்டே என்ன சொல்லும்?

தமிழ்நாட்டிலே 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பழங்குடி மக்கள் 7 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் பேர். நூற்றுக்கு ஒருத்தர் என்று வையுங்க. நூறு பிள்ளை உட்காருகிற சபையிலே ஒண்ணு அந்தப் பிள்ளையா இருக்கக்கூடும். அந்த ஒண்ணுக்காகத்தான் நான் பேசுறேன்.

நம்ம தமிழிலே இவங்களுக்கு இருந்த இடம் என்ன? குறிஞ்சிப்பாட்டு என்று ஒரு பாட்டு. கபிலர் பாடியது. எதற்காகப் பாடினார்? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகப் பாடினார் என்று சொல்லுவார்கள். கவனிங்க. ஒரு அயலூர் ராஜாவுக்குத் தமிழ் சொல்லித்தரணும். கபிலர் நினைச்சிருந்தா மதுரைக் கோட்டையைக் காட்டியிருக்கலாம், சேர நாட்டு யானைப்படையைக் காட்டியிருக்கலாம். மலையைக் காட்டினார். தினைப்புனத்தைக் காட்டினார். 99 பூவை வரிசையாக எடுத்து வைத்தார். அய்யா, அது பாட்டு இல்லை. அது தமிழனின் முதல் காட்சிசாலை! (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணு. கண்ணகி கதை எல்லாருக்கும் தெரியும். மதுரை எரிஞ்சது. அப்புறம் அந்தம்மா எங்கே போச்சு, என்ன ஆச்சு என்று யாருக்குத் தெரியும்? மதுரைக்காரனுக்குத் தெரியாது. புகார்க்காரனுக்குத் தெரியாது. வேங்கை மரத்தடியிலே நின்ற பெண்ணைக் கண்ணால் பார்த்தவர்கள், வானத்திலே ஏறிப்போனதைப் பார்த்தவர்கள், சேரன் செங்குட்டுவனிடம் வந்து சொன்னவர்கள் குன்றக் குறவர்கள். சிலப்பதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. மலைமக்கள் வாயைத் திறக்காவிட்டால் வஞ்சிக் காண்டமே இல்லை! இளங்கோவடிகளுக்கே தகவல் கொடுத்தவர்களை நாம் இரண்டு மதிப்பெண்ணுக்கு வச்சிருக்கோம்.

அது பழங்கதை என்று எதிரணி அம்மையார் சிரிக்கிறாங்க. பழங்கதை இல்லைம்மா. இடுக்கி மலையிலே கோவில்மலை என்று ஒரு ஊர். மன்னான் மக்களுக்கு அங்கே இன்றைக்கும் ராஜா உண்டு. ராஜமன்னான் என்று பேர். தாய்வழியிலே வருகிற பட்டம். அவர்கள் ஆடுகிற கூத்தின் கதை என்ன தெரியுமா? கோவலன் கண்ணகி கதை! நாம் சிலப்பதிகாரத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதி மறந்துவிட்டோம். அவர்கள் விடிய விடிய ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முதுவர்களும் தாங்கள் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்றுதான் கதை சொல்லுகிறார்கள். சாமியையும் பிள்ளைகளையும் முதுகிலே சுமந்து வந்ததாலே முதுவர் என்று பேர் வந்ததாம். சொல்லாராய்ச்சிக்காரன் நான், அதை இங்கே சோதிக்கப் போவதில்லை. அந்தத் தாய்மார்கள் இன்றைக்கும் பிள்ளையை முதுகிலே துணியிலே கட்டித் தூக்குகிறார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும், அந்தத் துணியை ஒரு பிள்ளைக்குக் காட்டிக் கதையைச் சொல்லுங்க. சாகிறவரைக்கும் மறக்காது.

பளியர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்லட்டுமா? பீட்டர் கார்ட்னர் என்று ஒரு அமெரிக்க மானுடவியலாளர். 1962லிருந்து 1964 வரை பளியர்களோடு தங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் எழுதுகிறார்: இந்த மக்கள் போட்டி போடுவதை விரும்புவதில்லை. ஒருவனை ஒருவனோடு ஒப்பிடுவதில்லை. யாரையும், சின்னப் பிள்ளையைக்கூட, மதிப்புக் குறைவாக நடத்தக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். கோபம் வந்தால் பதிலுக்குப் பதில் பேசாமல் எழுந்து விலகிப் போய்விடுவார்கள். நடுவர் அய்யா, பட்டிமன்றமே நடத்த முடியாத ஒரு சமுதாயம்! (சிரிப்பு, கைதட்டல்) போட்டியே வேண்டாம் என்று வாழ்கிற மக்களைப் பற்றி, இங்கே ஆளுக்கொரு அணியிலே நின்று தொண்டை கிழியப் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறோம். அவங்க யாராவது இதைப் பார்த்தா, நம்மைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே வைக்கணும்பாங்க.

சரி, தம்பியின் கேள்விக்கு வரேன். செத்த காலேஜ்.

என் மகள்வயிற்றுப் பேரன். ஆறு வயசு. ஒரு காட்சிசாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலே சுண்ணாம்புப் பொம்மைகள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குடிசை, சிவப்புப் பல்பு போட்ட ஒரு அடுப்பு. பேரன் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என் வேட்டியை இழுத்துக் கேட்டான்: "தாத்தா, இவங்கல்லாம் எப்ப செத்துப்போனாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுதியிருந்த பலகையைப் பார்த்தேன். "இம்மக்கள் மலைகளில் வாழ்ந்தனர். தேன் எடுத்தனர். மூங்கில் குடிசைகளில் வசித்தனர்." வாழ்ந்தனர், எடுத்தனர், வசித்தனர்! இலக்கண வகுப்பிலே நான் சொல்லுவேன், இறந்தகால இடைநிலை, நிகழ்கால இடைநிலை என்று. பிள்ளைக கொட்டாவி விடும். இங்கே பாருங்க. 'வாழ்கின்றனர்' என்று எழுதவேண்டிய இடத்திலே 'வாழ்ந்தனர்' என்று எழுதினான். 'கின்று' போச்சு. ஒரு இடைநிலையை எடுத்ததும் ஒரு சமுதாயமே செத்துப்போச்சு. ஆறு வயசுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் அந்தப் பலகையின் இலக்கணத்தைச் சரியாகப் புரிஞ்சுக்கிட்டான்.

அப்போ எதிரணி சொன்னது சரியாப்போச்சே என்கிறீங்களா? பொறுங்க. இதைவிடக் கொடுமையை நானே சொல்றேன். நியூயார்க்கிலே பெரிய இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை ஒன்று இருக்கு. 1897ஆம் வருஷம் பியரி என்ற துருவப் பயணி, கிரீன்லாந்திலே இருந்து ஆறு இன்யூட் மக்களைக் கப்பலிலே ஏற்றி அங்கே கொண்டுவந்து விட்டார். அதிலே கிசுக் என்று ஒரு தகப்பன், மினிக் என்று அவன் மகன், சின்னப் பையன். கொஞ்ச நாளிலே நோய் கண்டு நாலு பேர் செத்துப்போனாங்க. தகப்பனும் போய்ட்டான். பையனைச் சமாதானப்படுத்த ஒரு அடக்கம் நடத்திக் காட்டினாங்க. ஆனா உள்ளே வச்சுப் புதைச்சது தகப்பனை இல்லை. தகப்பன் எலும்பு காட்சிசாலைக்குள்ளேயே இருந்தது. அதைப் பிற்காலத்திலே தெரிஞ்சுக்கிட்ட மினிக், எங்கப்பாவைக் கொடுங்க, நான் புதைச்சுக்கிறேன் என்று கேட்டான். கொடுக்கலே. 1918இலே அவனும் செத்துப்போனான். எலும்புகள் ஊர் போய்ச் சேர்ந்தது 1993இலே. (அமைதி)

அது போன நூற்றாண்டுக் கதை என்று நினைக்காதீங்க. 2024 அக்டோபர் மாசம், இங்கிலாந்திலே ஒரு ஏலக் கம்பெனி நாகா மக்களின் மண்டையோடு ஒன்றை விற்பனைப் பட்டியலிலே போட்டது. நாகாலாந்திலே எதிர்ப்புக் கிளம்பினதும் எடுத்துவிட்டார்கள். நம்ம ஊரிலே ஏலக்காய் ஏலத்துக்கு வருது. அங்கே யாரோ ஒருத்தருடைய பாட்டன் தலை ஏலத்துக்கு வந்தது.

இவ்வளவும் தெரிஞ்சும் நான் ஏன் காட்சிசாலைப் பக்கம் நிற்கிறேன்? ஏன்னா அந்தத் தப்பை நிறுத்தி, காட்சிசாலை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கு. அதே நியூயார்க் காட்சிசாலை, 2024 ஜனவரியிலே செவ்விந்திய மக்களின் பொருள்களை வைத்திருந்த இரண்டு பெரிய கூடங்களைச் சாத்திவிட்டது. காட்டுவதற்கு அந்த மக்களின் சம்மதம் வேணும் என்று அரசாங்க விதி வந்துவிட்டது. வாஷிங்டனிலே 2004இலே திறந்த காட்சிசாலையை அந்த மக்களையே கூட வைத்துக்கொண்டு உருவாக்கினார்கள். அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம போபாலுக்குப் போங்க. ஏரிக்கரைக் குன்றிலே 200 ஏக்கரிலே மானவ சங்கிரகாலயம் என்று ஒன்று இருக்கு. அங்கே சுண்ணாம்புப் பொம்மை இல்லை. பல மாநிலத்துப் பழங்குடி மக்களை அழைத்து, அவர்கள் கையாலேயே அவர்கள் வீட்டைக் கட்டவைத்தார்கள். மண்ணைக் குழைத்தது அவர்கள், கூரை வேய்ந்தது அவர்கள். பிள்ளைகள் அந்தத் திண்ணையிலே உட்காரலாம், குனிந்து உள்ளே நுழையலாம். வாசல் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டிலேயும் இல்லாமல் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்திலே முத்தோரை பாலாடாவிலே 1983இலே ஆரம்பித்த பழங்குடி ஆய்வு மையம் இருக்கு, அதிலே காட்சிசாலை இருக்கு. ஊட்டிக்குப் போற குடும்பங்கள் படகு விடுவாங்க, சாக்லேட் வாங்குவாங்க, தொட்டபெட்டா போவாங்க. இங்கே எத்தனை பேர் போறாங்க? இன்னும் பக்கத்திலே, கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூர். 1895இலே பாதிரிமார்கள் ஆரம்பித்த காட்சிசாலை. பாம்பு, பறவை, வண்ணத்துப்பூச்சி எல்லாத்தோடும் பளியர் மக்கள் புழங்கின பொருள்களும் அங்கே உண்டு. பாதிரிமார் இல்லையென்றால் அந்தச் சாமான்களில் பாதி இன்றைக்கு நம்ம கண்ணுக்குக் கிடைத்திருக்காது, அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பூச்சிகளோடும் பறவைகளோடும் ஒரே கூரையின் கீழே மனுஷனை வைக்கிற அந்தக் காலத்துப் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற பெரியவர் அந்த வாசலிலே நின்று, "இதுவரைக்கும் பார்த்தது பிராணிகள், இனிமேல் பார்க்கிறது நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க" என்று ஒரு வார்த்தை சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. அதைப் புத்தகம் சொல்லாது. கூட வர்ற ஆள்தான் சொல்லணும்.

கூட்டிக்கொண்டு போவதிலும் ஒரு முறை இருக்குதுங்க. நாம எப்படிப் போறோம்? நூறு பிள்ளையை வரிசையிலே விட்டு, "தொடாதே! பேசாதே! நட! நட!" ஒரு மணி நேரத்திலே ஆயிரம் பொருள். வெளியே வந்தா பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது ஐஸ்கிரீம் வண்டி மட்டும்தான். சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு பொருள் போதும். பொருளை முதலில் பார்க்கட்டும், பேர் அப்புறம் சொல்லலாம். உடையாத பொருள் என்றால் அதே மாதிரி ஒன்று செய்து கையிலே கொடுங்க. கடைசியாக, முடிஞ்சா அந்தப் பொருளைச் செய்கிற குடும்பத்திலே இருந்து ஒரு பெரியவரை வரச்சொல்லி, நாற்காலி போட்டு, பயணப்படியும் சம்பளமும் கொடுத்து உட்காரவையுங்க. வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை எதுவோ அது அவருக்கும்.

விளையாட்டாகவும் சொல்லித்தரலாம். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டமாகப் பூக்கும். 2006இலே பூத்தது, 2018இலே பூத்தது, இனி 2030. பளியர்கள் அந்தப் பூவை வைத்து வயசு கணக்கிட்டார்கள் என்று சொல்லுவார்கள். பிள்ளைகிட்டே கேளுங்க, "உனக்கு எத்தனை குறிஞ்சி?" என்று. பத்து வயசுப் பிள்ளை, "நான் இன்னும் ஒரு குறிஞ்சிகூட ஆகலை!" என்று குதிக்கும். எனக்கு நாலு முடிஞ்சு அஞ்சாவது நடக்குது. நடுவர் அய்யாவுக்கு எத்தனை என்று நான் கேட்கமாட்டேன், தீர்ப்பு அவர் கையிலே இருக்கு. (சிரிப்பு) இந்த ஒரு கேள்வியிலே, காலத்தை எண்ண நம்ம காலண்டர் ஒன்றுதான் வழி என்ற நினைப்பு பிள்ளை மனசிலே இருந்து கழன்று விழுந்திரும்.

எதிரணி அம்மையார் கேட்டாங்க, "போடியிலே காட்சிசாலை எங்கே இருக்கு? இல்லாத ஊர்ப் பிள்ளை என்ன பண்ணும்?" என்று. நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒன்று சொல்றேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை. மலையடிவாரத்திலே ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். மலைக்கிராமத்திலே இருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை அவங்க வகுப்பிலே. வந்த புதுசிலே வாய் ஓயாமல் பேசுமாம். அது பேசுற ராகத்தைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரிச்சிருக்கு. மூணே மாசம். பிள்ளை பேச்சை நிறுத்திருச்சு. வீட்டுக்குப் போனா அவங்க பாட்டிகிட்டேயும் பேசுறது இல்லையாம், டவுன் பேச்சுத் தவிர.

அந்த ஆசிரியை என்ன பண்ணினாங்க? அறிவுரை சொல்லலை. ஒரு தகரப் பெட்டி வாங்கினாங்க. அதிலே ஒரு மூங்கில் கூடை, ஒரு கிழங்குக் கம்பு, கேழ்வரகுக் கதிர் ஒரு பிடி, தேனடை மெழுகு ஒரு உருண்டை, பச்சை ஏலக்காய் ஒரு கொத்து. அவ்வளவுதான். மேசைமேலே வைத்து, இந்தக் கூடையிலே அடிப்பக்கம் மட்டும் ஏன் பின்னல் மாறியிருக்கு என்று கேட்டிருக்காங்க. முப்பது பிள்ளைக்கும் தெரியலை. ஆசிரியைக்கும் தெரியலை. கடைசி பெஞ்சிலே இருந்து ஒரு குரல். தன் சொந்த ராகத்திலேயே அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு: எங்க தாத்தா முடையிறது அப்படித்தான், பாரம் இறங்கினா அடி பிய்யாம இருக்கிறதுக்கு. அன்றைக்கு மத்தியானம் முப்பது பிள்ளையும் அதைச் சுற்றி உட்கார்ந்து மூங்கில் கீற்றை வைத்துப் பின்னப் பழகியிருக்கு. (நீண்ட கைதட்டல்)

அம்மா, அந்தத் தகரப் பெட்டி காட்சிசாலை இல்லையா? உலகத்திலே பல காட்சிசாலைகள் இப்படிப் பெட்டி கட்டிப் பள்ளிக்கூடங்களுக்குக் கடன் கொடுக்குது. கட்டடம் வேணும், கண்ணாடி வேணும் என்று நான் கேட்கலை. பொருள் வேணும், அந்தப் பொருளுக்கு உரியவங்க பேச இடம் வேணும்.

2018 மார்ச் 11ஆம் தேதி இந்த ஊர்க்காரங்க யாருக்கும் மறக்காது. குரங்கணி மலையிலே காட்டுத் தீ. மலையேறப் போன பிள்ளைகள் சிக்கினார்கள். 23 உயிர் போச்சு. அன்றைக்கு மேலே ஓடினவர்களிலே மலையைத் தெரிந்த உள்ளூர்க் கிராமத்து மக்கள் இருந்தார்கள். எந்தச் சரிவிலே இறங்கலாம், எங்கே காற்று திரும்பும் என்ற அறிவு எந்தப் பரீட்சையிலே வருது? அந்த அறிவை மதிக்கிற பிள்ளை, நாளைக்கு மலைக்குப் போகும்போது அந்த ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறும்.

போடிப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் இது. ஒரே ஒரு அறை ஒதுக்குங்க. பெரிய மாளிகை வேண்டாம். முதுவர், பளியர் ஊர்களுக்குப் போய், எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அவர்களையே கேளுங்க. சாமி சம்பந்தப்பட்ட சாமானைக் காட்டாதீங்க என்று சொன்னால் விட்டுவிடுங்க. பலகையிலே எழுதுகிற வாசகத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தா நான் வந்து திருத்தித் தர்றேன், பைசா வேண்டாம். பேச்சு நடையிலே எழுதியிருந்தா திருத்தமாட்டேன். அப்படியே இருக்கட்டும். 'எங்க தாத்தா தேன் எடுக்கிறாரு' என்று எழுதியிருந்தா, அங்கே 'கிற்' இருக்குது பாருங்க, அந்த நிகழ்காலம்தான் எனக்கு வேணும். (கைதட்டல்)

தம்பி, உங்க செத்த காலேஜுக்குப் பதில் கிடைச்சுதா? நடுவர் அய்யா மணியடிச்சுட்டீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் கேட்டு உங்களோடு வாதாடலாம்தான். ஆனா பளியர்கள் பற்றி இவ்வளவு பேசிட்டு அது முறையில்லை. பேசாமல் எழுந்து விலகிப் போய் என் நாற்காலியிலே உட்கார்ந்துக்கிறேன்.